வேகமாகத் தமிழில் குறிப்பெடுக்க எந்த நிப்பு?

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது நாகர்கோவில் ஸ்டேஷனரி கடைகளில் இங்க் பேனா கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பேனாவின் நிறத்தைச் சட்டென்று முடிவு செய்துவிடுவார்கள். "எஃப் வேணுமா, எம் வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டதும்தான் தயக்கம் வரும். எஃப் என்றால் மெல்லிய நிப்பு, எம் என்றால் சற்றுத் தடித்த நிப்பு. பக்கத்தில் நிற்கும் யாராவது, "எம் எடு, வழுக்கிட்டு எழுதும், ஸ்பீடா எழுதலாம்" என்பார்கள். இணையத்தில் தேடினாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கும்: வேகமாக எழுத வேண்டுமானால் சற்றுத் தடித்த, மை தாராளமாக இறங்கும் நிப்பு நல்லது.

அது பொய் இல்லை. ஆனால் ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதிப் பழகியவர்கள் தங்கள் கை அனுபவத்திலிருந்து சொன்ன பதில் அது. வகுப்பில் தமிழில் குறிப்பெடுக்கும் மாணவருக்கும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தமிழ் வழியில் படிக்கிறவருக்கும், மேடைப் பேச்சைக் கேட்டு எழுதும் நிருபருக்கும் அது அப்படியே பொருந்தாது. நம் எழுத்துக்குச் சரியான நிப்பைத் தேர்ந்தெடுக்க, நிப்பு என்ன செய்கிறது என்பதும் நம் கை என்ன செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மை எப்படி இறங்குகிறது

நிப்பு ஒரு வளைந்த உலோகத் தகடு. அதன் நடுவில் நுனிவரை ஒரு மெல்லிய பிளவு ஓடும். பிளவின் மேல்முனையில் பல நிப்புகளில் ஒரு சிறு துளை இருக்கும். நுனியில் கடினமான உலோகக் கலவையால் ஆன ஒரு பொட்டு உருண்டையை ஒட்டி, அதையும் நடுவில் பிளந்திருப்பார்கள். காகிதத்தைத் தொடுவது இந்த உருண்டை மட்டும்தான். நிப்பின் அடியில் கறுப்பாக, வரிவரியாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாக்கு என்பார்கள், சிலர் கட்டை என்பார்கள். பேனாவின் வயிற்றிலிருந்து மையை நுனிக்குக் கொண்டுவருவதும், போன மைக்கு ஈடாகக் காற்றை உள்ளே விடுவதும் அதன் வேலை. அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இப்படிப்பட்ட ஒரு நாக்குக்குத்தான். அதற்கு முந்தைய மை பேனாக்கள் நினைத்தால் கக்கும், நினைத்தால் காயும்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த மெல்லிய பிளவு மையைத் தானே நுனிக்கு இழுத்து வைத்துக்கொள்கிறது. இடைவெளி குறுகக் குறுக இழுவை கூடும். அதனால் நல்ல நிப்பில் பிளவு மேலே சற்று அகலமாகவும் நுனியில் மிக நெருக்கமாகவும் இருக்கும். காகிதத்தைத் தொட்டவுடன், நுனியில் தயாராக நிற்கும் மையைக் காகிதத்தின் நார் உறிஞ்சிக்கொள்கிறது. கையால் அழுத்த வேண்டிய தேவையே இல்லை. பால்பாயிண்டில் அழுத்தினால்தான் உருண்டை சுழலும், மையும் வரும். அந்தப் பழக்கத்தோடு இங்க் பேனாவைப் பிடித்து அழுத்தினால் பிளவு விரிந்து மை அதிகமாக இறங்கும். நாளடைவில் நிப்பும் கோணிவிடும்.

நாக்கின் அடியில் உள்ள வரிவரியான பள்ளங்கள் கொஞ்சம் மையைக் கையிருப்பில் வைத்திருக்கும். வேகமாக எழுதும்போது முதலில் செலவாவது அந்தக் கையிருப்புதான். முதல் அரைப்பக்கம் கறுகறுவென்று எழுதிவிட்டு, போகப்போக எழுத்து வெளிறினால் நாக்கு வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். நிப்பை மாற்றினால் இது தீராது. பெரும்பாலும் உள்ளே பழைய மை காய்ந்து அடைத்திருக்கும், அல்லது மை நிரப்பும் குழாயான கன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் மை ஒட்டிக்கொண்டு முன்னால் வராமல் நிற்கும். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு உள்ளும் புறமும் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலான பேனாக்கள் சரியாகிவிடும்.

மார்த்தாண்டம் என்று எழுதிப் பாருங்கள்

இப்போது நம் கைக்கு வருவோம். ஒரு வெள்ளைத் தாளில் "மார்த்தாண்டம்" என்று எழுதுங்கள். எழுதும்போது பேனா எத்தனை முறை காகிதத்தை விட்டு எழும்பி மறுபடி இறங்குகிறது என்று கவனியுங்கள். ம, துணைக்கால், ர, அதன் புள்ளி, த, அதன் புள்ளி, மறுபடி த, துணைக்கால், ண, புள்ளி, ட, ம, புள்ளி. எழுத்துகளைச் சேர்த்து எழுதாதவருக்குப் பேனா 13 முறை தரையிறங்குகிறது. இதே ஊர்ப்பெயரை ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதினால் ஒரே இழுப்பில் சொல்லை முடித்துவிட்டு, நடுவில் வரும் ஒரு குறுக்குக்கோட்டுக்கு மட்டும் திரும்ப வரலாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பேனா காகிதத்தின் மேல் எவ்வளவு வழுக்கிப் போகிறது என்பது முக்கியம். நமக்கு அதைவிட முக்கியமானது, தொட்ட கணத்தில் மை விழுகிறதா என்பது.

இதில் புள்ளிதான் மிகக் கடினமான சோதனை. கோடு இழுக்கும்போது முதல் அரை மில்லிமீட்டர் மை வராவிட்டாலும் மீதிக் கோடு வந்துவிடும், எழுத்தை வாசித்துவிடலாம். புள்ளிக்கு இழுப்பே கிடையாது. நிப்பு ஒரு கணம் தொட்டு எழும்புகிறது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் மை வராவிட்டால் புள்ளியே இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் இரவு நோட்டைத் திறந்தால் பாதி மெய்யெழுத்துகள் உயிர்மெய்யாக நிற்கும். வேகமாக எழுதிய குறிப்பை வாசிக்க முடியாமல் போவதற்குக் கையெழுத்தைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் குற்றவாளி நிப்புதான்.

ஓலைச்சுவடிக் காலத்தில், எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. எழுதும் கருவி மாறினாலும் அந்தப் புள்ளிதான் இன்றைக்கும் கருவியைச் சோதிக்கிறது.

தொட்டதும் மை வராததற்கு இரண்டு காரணங்கள் சாதாரணமாகக் காணப்படும். ஒன்று, பிளவு மிக நெருக்கமாக இருந்து மை வறண்டு இறங்குவது. இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. நுனி உருண்டையை மிகவும் வழவழப்பாக்க வேண்டும் என்று தேய்க்கும்போது, பிளவின் இரண்டு உள்விளிம்புகளும் அளவுக்கு மீறி உருண்டுவிடும். அப்போது மை பிளவுக்குள் சற்று மேலேயே நின்றுவிடும், காகிதத்தைத் தொடாது. அழுத்தி இழுத்தால் அழகாக, வெண்ணெய் போல எழுதும். மெல்லத் தொட்டால் ஒன்றும் வராது. கடையில் இரண்டு கோடு கிறுக்கிப் பார்த்து, "ஆஹா, எவ்வளவு ஸ்மூத்" என்று மயங்கி வாங்குவது பெரும்பாலும் இந்த நிப்பைத்தான். தடித்த நிப்புகளில் உருண்டை பெரிது என்பதால் இந்தக் குறை அவற்றில் கூடுதலாகத் தென்படும். கொஞ்சம், மிகக் கொஞ்சம், காகிதம் கைக்குத் தெரிகிற நிப்பு தமிழுக்கு நல்லது. அது கீறல் அல்ல. கீறும் நிப்பில் நார் மாட்டும், சத்தம் கேட்கும், ஒரு திசையில் மட்டும் உராயும்.

அடுத்தது சுழி. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சுழிகள் நோட்டில் தெரிய வேண்டும். சாதாரண கோடு போட்ட நோட்டில் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். மேல்விலங்கு, மேல்சுழி, புள்ளி, கீழே உகரம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடலுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். வேகம் கூடக்கூட எழுத்து இன்னும் சுருங்கும். அந்த அளவில் ண-வின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இருக்கும் வெள்ளை இடம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. முக்கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள கோட்டால் அதை வரைந்தால் வளைவு மையால் நிரம்பிவிடும். அப்புறம் பணி எது, பனி எது, ஆணை எது, ஆனை எது என்று முன்பின் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஞ, ஐ, இ, ணை போன்றவற்றுக்கும் இதே கதி.

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளத்திலும் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கும் இது பொருந்தும். மலையாள எழுத்தின் உருண்ட சுழிகளும், தலைமேல் வைக்கும் சின்னப் பிறை போன்ற சந்திரக்கலையும் நிப்பிடம் கேட்பது இதையேதான்: மெல்லிய கோடு, தொட்டதும் மை.

எஃப், எம் என்பவை என்ன அளவு

நிப்பின் மேல் பொறித்திருக்கும் இஎஃப், எஃப், எம், பி என்பவை முறையே எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட். இவை கோட்டின் தடிப்பைச் சொல்கின்றன. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஏறத்தாழச் சொன்னால், ஐரோப்பிய எஃப் அரை மில்லிமீட்டரை ஒட்டியோ சற்று மேலாகவோ எழுதும். அவர்களுடைய எம் 0.7 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஜப்பானிய நிறுவனங்களின் நிப்புகள் பொதுவாக ஒரு படி மெல்லியவை. அவர்களுடைய எம் ஐரோப்பிய எஃப் அளவிலும், அவர்களுடைய எஃப் 0.3, 0.4 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். பிளாட்டினம் நிறுவனத்தின் ப்ரெப்பி பேனாவில் 02, 03, 05 என்று எண்ணே போட்டிருப்பார்கள். 03 என்பது ஃபைன், 05 என்பது மீடியம். எழுத்தைவிட எண் நமக்கு உதவியாக இருக்கிறது.

ஜப்பானியர் மெல்லியதாகச் செய்வதற்குக் காரணம் அவர்கள் எழுதும் எழுத்து. சிறிய கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகளை நெருக்கி எழுத வேண்டிய 'காஞ்சி' என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துக்கு ஐரோப்பியத் தடிப்பு ஒத்துவராது. அவர்கள் தங்கள் எழுத்தைப் பார்த்து நிப்பின் அளவை வைத்துக்கொண்டார்கள். நாமும் நம் எழுத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் வேகமாகக் குறிப்பெடுக்க முதன்முதலாக ஒரு பேனா வாங்குபவருக்கு நான் சொல்வது ஐரோப்பிய எஃப் அல்லது ஜப்பானிய எம். இரண்டும் அரை மில்லிமீட்டரை ஒட்டியவை. சுழி நிரம்பாது, புள்ளி தெளிவாக விழும், கையும் வழுக்கும். எழுத்து மிகப் பொடியாக இருந்து, கையும் மென்மையாக இருந்தால் ஜப்பானிய எஃப் எடுக்கலாம். பால்பாயிண்ட் பழக்கத்தில் அழுத்தி எழுதுகிறவர்கள் அதற்கும் மெல்லியதை இப்போதைக்குத் தொட வேண்டாம். கூர்மையான நுனி அழுத்தத்தில் காகிதத்தை உழுதுவிடும். பிளவில் நார் மாட்டிக்கொண்டு எழுத்துக்கெல்லாம் மீசை முளைக்கும். ஐரோப்பிய எம் யாருக்கு என்றால், எழுத்துப் பெரிதாக இருப்பவருக்கு, நல்ல காகிதத்தில் எழுதுகிறவருக்கு, பெரும்பகுதியை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு. நர்சிங், இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளின் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்பதால் அவர்கள் எம் எடுத்தால் தவறில்லை.

5, 6 என்று சொல்லப்படும் நிப்பு எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை நிப்பின் உடல் அளவு, பேனாவின் கழுத்தில் பொருந்துவதற்கான அளவு. கோட்டின் தடிப்போடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

மழையும் காகிதமும்

நம் மாவட்டத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. கல்லூரி திறக்கும் ஜூனில் ஒரு மழை, பருவத் தேர்வு எழுதும் நவம்பரில் இன்னொரு மழை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். கடற்கரை ஊர்களில் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். காகிதம் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பைக்குள் இருந்த நோட்டை எடுத்துத் திருப்பினால் தாள் சரசரக்காமல் தொய்ந்து கிடக்குமே, அதுதான். ஈரம் ஏறிய தாளில் மை நாரோடு ஓடிப் பரவும், பின்பக்கம் தெரியும், காயவும் நேரம் எடுக்கும்.

காகிதம் மையை எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதை, தயாரிக்கும்போது சேர்க்கும் பசைப்பொருள் கட்டுப்படுத்துகிறது. விலை மலிந்த நோட்டுகளில் அது குறைவு, தாளும் மெல்லியது. அதில் மை தாராளமாக இறங்கும் எம் நிப்பால் எழுதினால், 0.7 மில்லிமீட்டர் கோடு ஊறி ஒரு மில்லிமீட்டராகிவிடும். புள்ளி கேட்கவே வேண்டாம், பொட்டு மாதிரி விரியும். பக்கத்தின் இரண்டு புறமும் எழுத முடியாமல் நோட்டுச் செலவு இரட்டிப்பாகும். வேகமாகத் தாளைத் திருப்பும்போது காயாத மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். விடைத்தாளில் இது நடந்தால் திருத்துகிறவருக்கும் சிரமம். இந்த ஒரு காரணத்துக்காகவே, குமரி மாவட்டத்தில் மழைக்காலத்தில் எழுதுகிறவருக்கு நான் ஒரு படி மெல்லிய நிப்பைத்தான் சொல்வேன்.

அதே நேரம் நிப்பு வறண்டும் இருக்கக்கூடாது. நல்ல அளவு என்பது, எழுதி முடித்த வரி ஒரு கணம் பளபளத்து, அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் மங்கிவிடுவது. எழுதும்போதே மங்கினால் வறட்சி. அடுத்த வரி முடிந்த பிறகும் பளபளத்தால் அதிகம்.

உள்ளங்கை வியர்வையும் ஒரு தொல்லை. கை வைத்து எழுதும் இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் படிந்து, அந்த இடம் வந்ததும் மை ஒட்டாமல் விட்டு விட்டு எழுதும். பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதிய பேனா கீழ்ப்பாதியில் மக்கர் செய்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் போதும்.

70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அதற்கு மேற்பட்ட தாள் உள்ள நோட்டு என்றால் எஃப் நிப்புக்கு நிம்மதி. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 75 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளை வாங்கித் தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அதுவும் நல்ல யோசனைதான். மையைப் பொறுத்தவரை இங்க் பேனாவுக்கென்று விற்கும் சாதாரண நீலமோ கறுப்போ போதும். பிரில், கேம்லின், சுலேகா எதுவானாலும் சரி. படம் வரையப் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். அதில் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்தால் நாக்கைக் கெட்டியாக அடைத்துவிடும்.

கடையில் எப்படிப் பார்ப்பது

ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேனாக்கள்கூட ஒன்றுபோல எழுதுவதில்லை. விலை குறைந்த பேனாக்களில் இந்த வித்தியாசம் கூடுதல். அதனால் முடிந்தவரை கடையில் எழுதிப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, நிப்ப மையில ஒண்ணு தொட்டு எழுதிப் பாக்கட்டா?"

"பாரு மக்கா. நல்லா தொடச்சிட்டுத் தரணும், கேட்டியா?"

தொட்டு எழுதும்போது முதலில் மை அதிகமாகத்தான் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலைந்து வரி எழுதி, மை நிதானத்துக்கு வந்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது. கையெழுத்துப் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் அது பல வருடம் பழகிய ஒரே இழுப்பு, நிப்பின் குறையைக் காட்டாது. அதற்குப் பதிலாக, அழுத்தாமல், பேனாவின் சொந்த எடையிலேயே ஒரு வரிசை புள்ளிகள் வையுங்கள். மெதுவாக ஒரு வரிசை, படபடவென்று ஒரு வரிசை. ஒன்றிரண்டு விழாமல் போனால் அந்தப் பேனாவை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பிறகு வகுப்பில் எழுதும் வேகத்தில் மார்த்தாண்டம், திற்பரப்பு, ஞாயிற்றுக்கிழமை என்று எழுதுங்கள். உங்கள் வழக்கமான அளவைவிடச் சற்றுப் பொடியாக ண, ன இரண்டையும் மாறி மாறி எழுதி, சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். குறிப்பெடுப்பதில் பாதி நேரம் கேட்பதுதான். ஆசிரியர் ஒரு கதை சொல்லி முடிக்கும்வரை நிப்பு மின்விசிறிக்கு அடியில் திறந்தே இருக்கும். பேச்சு முடிந்து புள்ளி வைத்தால் உடனே விழ வேண்டும். இந்தக் குணத்துக்குப் பெயர்போனவை மூக்குமட்டும் வெளியே தெரிகிற, நிப்பு மூடிய பேனாக்கள். பார்க்கர் 51 என்ற பேனா 1941-இல் விற்பனைக்கு வந்து இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. நம் ஊரில் பல வருடங்களாகப் புழங்கும் சீன ஹீரோ பேனாக்களில் பல அதே வடிவம்தான். நிப்பு உறைக்குள் இருப்பதால் மை சீக்கிரம் காயாது. கோடும் பெரும்பாலும் மெல்லியதாகவே வரும். குறைந்த செலவில் குறிப்பெடுக்கத் தொடங்குகிறவருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் எழுதிப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் எழுதிப் பார்க்க வழியில்லை. அப்போது நிப்பைத் தனியாக மாற்றக்கூடிய பேனாவாக வாங்குவது நல்லது. ஜெர்மனியின் லாமி சஃபாரியில் நிப்பை மட்டும் இழுத்துக் கழற்றி வேறு அளவு போடலாம். திருவள்ளூரில் கையால் கடைந்து பேனா செய்யும் ரங்கா போன்ற இடங்களில் யோவோ என்ற ஜெர்மன் நிப்பு பொருத்திய பேனா கிடைக்கும். அவற்றிலும் அளவைக் கேட்டு வாங்கலாம். சென்னை பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் ஜெம் அண்ட் கோ போன்ற பழைய பேனாக் கடையில் உட்கார்ந்து பார்த்து எடுக்கலாம்.

தங்க நிப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழைய மைகளின் அமிலம் எஃகை அரித்த காலத்தில் தங்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போதைய எஃகு நிப்பு சாதாரண மையில் பல வருடம் தாங்கும். காகிதத்தைத் தொடும் உருண்டை இரண்டிலும் கடின உலோகம்தான். வேகத்துக்கு விறைப்பான எஃகே நல்லது. அழுத்தினால் விரிந்து தடிக்கும் நிப்பும், நுனி தட்டையாக வெட்டிய அலங்கார நிப்பும் மெதுவாக எழுதுவதற்கு அழகானவை. குறிப்பெடுக்கும்போது பேனா கையில் கொஞ்சம் திரும்பினாலும் அவை எழுத மறுக்கும். ஒரே விதிவிலக்கு சுருக்கெழுத்து. 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையில் மெல்லிய கோட்டுக்கு ஒரு ஒலி, தடித்த கோட்டுக்கு வேறொரு ஒலி. அதனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்தும் படிக்கிறவர்கள் பேனாவால் எழுத விரும்பினால், அழுத்தத்துக்கு இளகும் நிப்பைத்தான் தேட வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்னதற்கு நேர் எதிர்.

இடது கையால் எழுதுகிறவர்கள் நிப்பை இழுப்பதைவிடத் தள்ளியே எழுதுகிறார்கள், எழுதிய மையின் மேலேயே கையும் போகிறது. அவர்களுக்கு மெல்லிய கோடு சீக்கிரம் காய்கிறது என்பது வசதி, கூர்மையான நுனி தள்ளும்போது குத்தும் என்பது சிக்கல். இரண்டுக்கும் நடுவில் ஐரோப்பிய எஃப் சரியாக வரும். கைக்கு எழுத்து பழகும்வரை நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே எம் நிப்புப் பேனா ஒன்று வீட்டில் இருக்கிறது, புதிது வாங்க இப்போது வழியில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். நிப்பைத் தரையில் தேய்ப்பதும், பிளவில் பிளேடு விட்டுக் கீறுவதும் பள்ளிக்கூட வைத்தியங்கள். அவற்றைச் செய்யாதீர்கள், நுனி உருண்டை போனால் திரும்ப வராது. பேனாவைக் கவிழ்த்து, நிப்பின் முதுகு கீழே இருக்கும்படி எழுதிப் பாருங்கள். பல நிப்புகள் அப்படி எழுதினால் எஃப் அளவுக்கு மெல்லிய கோடு தரும். கொஞ்சம் உராயும், மையும் குறைவாக வரும். நீண்ட குறிப்புக்கு அது ஆகாது, மலிவான தாளில் ஓரக்குறிப்பு எழுதப் போதும். நீண்ட குறிப்புக்கு அதே பேனாவை நேராகப் பிடித்து, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் சுழிகள் திறந்துகொள்ளும். ஜிஎஸ்எம் கூடிய நோட்டு ஒன்று வாங்கினால் மை ஊறுவதும் குறையும். நிப்பு மாற்றும் செலவைவிட அந்த நோட்டின் விலை குறைவுதான்.